ஆடிச் சீரில் வந்த டயர்கள்

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி மாதம். பிறந்த ஊர் சுந்தரபாண்டியபுரம், வாழ்க்கைப்பட்ட ஊர் தென்காசி. காலையில் வண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம்தான். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப காலம் தள்ளிப் போட்டேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேருமே இப்போது இல்லை. இனி யார் மனசும் நோகப் போவதில்லை என்பதால் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குத் தென்காசியில் மரக்கடை. செங்கோட்டைக்கு மேலே மலையிலிருந்து தடி வரும், அறுத்து விற்பார்கள். மாமனார் காலமாகி வருஷங்கள் ஆகியிருந்தன. மாமியார் மட்டும்தான். என் வீட்டுக்காரர் காலேஜ் படித்தவர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். யாராவது காலை மிதித்துவிட்டால்கூடத் தானே மன்னிப்புக் கேட்கிற ஜாதி. நானோ வாயாடி. எப்படித்தான் ஜாதகம் பொருந்தியதோ!

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு கார். மலை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போனது. இரண்டே பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு கித்தான் துணி. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். தெருப் பிள்ளைகள் ‘தவளை வண்டி’ என்று பேர் வைத்திருந்தார்கள். ஆனால் கிளம்பிவிட்டதோ, அப்புறம் அதைப் பிடிக்க ஆள் கிடையாது. வந்த புதிதில் எனக்கு அந்தக் காரைக் கண்டாலே எரியும். என் முகத்தைப் பார்ப்பதைவிட அதன் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். பிறகு ஒரு நாள் ஆய்க்குடி ரோட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். காற்று முகத்தில் அறைகிறது, பின்னல் அவிழ்ந்து பறக்கிறது, பக்கத்தில் இந்த அமைதியான மனுஷன் குழந்தை மாதிரி சிரிக்கிறார். அன்றே நான் கட்சி மாறிவிட்டேன்.

அந்தக் காரின் டயர்கள் நான் வரும்போதே மொட்டையாகியிருந்தன. புதிது போட வேண்டும். அது லேசான காரியமில்லை. அந்த மாதிரிக் காருக்கு ஏற்ற டயர் நம்மூரில் கிடையாது. வெளிநாட்டுச் சாமான் வருவதற்கு ஆயிரம் கட்டுப்பாடு. சோறு போட்டு வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், அவர் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். எந்த டயர் வெயிலுக்கு ஆகும், எது மழைக்கு ஆகும், கோடு எப்படி வெட்டியிருக்க வேண்டும் என்று. ஒரு நாள் கேட்கவே கேட்டுவிட்டேன், டயரில் என்ன பெரிய வித்தியாசம், எல்லாம் கறுப்பாக வட்டமாகத்தானே இருக்கிறது என்று.

அவர் மரக்கடைக் கணக்குப்பிள்ளையின் மேஜையிலிருந்து இரண்டு அழிரப்பர் எடுத்து வந்தார். ஒன்று மெதுவானது, ஒன்று கல் மாதிரி. இரண்டையும் காகிதத்தில் தேய்த்துக் காட்டினார். மெதுவான ரப்பர் காகிதத்தைக் கவ்விக்கொண்டு அழித்தது, பொடிப்பொடியாகத் தேய்ந்தும் போனது. கெட்டி ரப்பர் வழுக்கிக்கொண்டு ஓடியது, தேயவே இல்லை.

“பாத்தியா? வேகமாப் போற காருக்கு மெத்துனு இருக்கிற டயருதான் வேணும். சீக்கிரம் தேஞ்சிரும், ஆனா ரோட்டை விடாது. நகத்தை வச்சு அழுத்துனா பதியணும்.”

“காசைக் குடுத்துத் தேயுற சாமானை வாங்குவாவளாக்கும்!” என்றேன் நான். சிரித்தார். மெட்ராஸில் ஒரு கடைக்கு எழுதிப் போட்டு, அவர் கேட்ட டயர் ஆவணி வாக்கில் வரும் என்று பதிலும் வாங்கியிருந்தார். இது எங்களையும் கடை ஆட்களையும் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயலும் வாழையும் உள்ள சம்சாரி. குடை வாங்கினாலும், மாடு பிடித்தாலும், எனக்குப் பாவாடைத் துணி எடுத்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “உழைக்குமா?” என்பதுதான். தேயாதது, கிழியாதது, உடையாதது எதுவோ அதுதான் அவர் கணக்கில் நல்ல பொருள். எங்கள் பக்கத்தில் கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் சீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம், கைக்கடிகாரம், பட்டு வேட்டி என்று அவரவர் வசதிக்குச் செய்வார்கள். அம்மா கடிகாரம் என்றாள். அப்பா வேறு ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். ஆனி மாதம் எங்களைப் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் கார் மொட்டை டயரில் நிற்பதைப் பார்த்திருக்கிறார்.

அன்று மத்தியானம் இவர் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், அப்பா யாருக்கும் தெரியாமல் வாசலுக்குப் போய், சணல் நூலைச் சக்கரத்தைச் சுற்றி வைத்து அளந்து, முடிச்சுப் போட்டு மடியில் செருகிக்கொண்டு போயிருக்கிறார். சட்டைக்கு அளவெடுப்பதுபோல. இதை அம்மா பிறகு சொன்னாள். அந்த நூலை வைத்துக்கொண்டு திருநெல்வேலியில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்.

ஆடிப் பிறப்பன்று சீர் வந்தது. முன்னால் நாயனம். அப்புறம் பழத்தட்டு, பூத்தட்டு, பட்டு, பலகாரம். அதற்குப் பின்னால் எங்கள் வயலில் வேலை செய்கிறவர்கள் தலையில் சும்மாடு வைத்து ஆளுக்கொரு டயரைச் சுமந்து வருகிறார்கள்! நாலு சக்கரத்துக்கு நாலு, மேற்கொண்டு ஸ்டெப்னிக்கு ஒன்று. சீர் ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமே, அதுவும் சரியாக வந்துவிட்டது. ஒவ்வொரு டயருக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, கதம்ப மாலை வேறு சுற்றியிருந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. என் மாமியாருக்கோ வாயெல்லாம் பல்.

“சம்மந்தி வீட்டுல எப்படி யோசிச்சிருக்காவ பாரு. ஊர்ல எவ வீட்டுக்கு இப்படி ஒரு சீரு வந்திருக்கு?”

நான் என் வீட்டுக்காரர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடையில் இறக்கி வைத்த டயரின் பக்கத்தில் குனிந்தார். அது எஸ்டேட் பாதையில் சேற்றுக்குள் ஏறுகிற ஜீப்புக்குப் போடுகிற ரகம். மேலே கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருந்தது. பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். பதியவில்லை. ஒரு கணம்தான், முகம் செத்துப் போனது. நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நல்லாருக்கு மாமா.”

“பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம் மாப்ள,” என்றார் அப்பா. “காரு தேஞ்சாலும் இது தேயாது. அளவு சரியா இருக்கா பாருங்க. நூலு வச்சுல்லா அளந்தேன்.”

அளவு சரியாகத்தான் இருந்தது. அதுதான் விதி. அளவு தப்பியிருந்தால் மாட்டவே முடியாமல் போயிருக்கும், எல்லாரும் தப்பித்திருப்போம்.

மாமியார் விடவில்லை. சம்பந்தி கண் முன்னாலேயே மாட்டிக் காட்டினால்தான் மரியாதை என்றார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்து பழசைக் கழற்றிப் புதியதை மாட்டினான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அப்பாவை உட்கார வைத்து இவர் தெப்பக்குளம் வரை ஓட்டிக் காட்டிவிட்டு வந்தார். அப்பா இறங்கும்போது புது மாப்பிள்ளை அவர்தானோ என்று தோன்றியது. அவ்வளவு பூரிப்பு.

நான் இவரைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தேன்.

“இது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்லா? சொல்ல வேண்டியதுதான? எங்கப்பா என்ன புலியா?”

“சீரைப் பிடிக்கலேன்னு எப்படிட்டி சொல்லுவேன்? மனுசன் எவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு.”

“அப்ப நான் சொல்லுதேன்.”

“நீ சொன்னா, நான் சொல்லச் சொன்னதாத்தான் ஆகும். தெருவே பாத்திருக்கு. கழட்டி வச்சா அவரு முகத்தை எங்க கொண்டு வைப்பாரு? ஆடி மட்டும் போகட்டும். ஆவணில நம்ம டயரு வந்துரும். மாத்திட்டு, மாமா குடுத்ததைப் பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லிக்கிடலாம். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுதேன், போதுமா?”

போதாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே என்னைச் சுந்தரபாண்டியபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆடி பாதி கடந்திருக்கும். அந்த வருஷம் குற்றாலத்தில் நல்ல சீசன். எங்கள் ஊரிலிருந்து பார்த்தாலே மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடக்கும், காற்றில் ஈரம் வரும். ஆடியில் புது ஜோடி சேர்ந்து இருக்கக் கூடாது என்பார்கள். அப்பாதான் அதைத் தளர்த்தினார். மாப்பிள்ளை வந்து இவளைக் கூட்டிப் போய் அருவியில் குளித்துவிட்டுப் பொழுதோடு கொண்டுவந்து விடட்டும், இதில் என்ன குடி முழுகிவிடும் என்று ஆள் சொல்லி அனுப்பினார். எனக்குத் தெரியும், எங்கள் மேல் இருந்த பரிவு பாதி, தன் டயர் மாட்டிய கார் ஊருக்குள் வந்து நிற்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை பாதி.

கார் வந்தது. ஊரே சுற்றி நின்றது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து டயரில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டார். “எப்படி ஓடுது மாப்ள?” என்று கேட்டார். “தேர் மாதிரி ஓடுது மாமா,” என்றார் இவர். அப்பா சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

ஊரைத் தாண்டியதும் நான் கேட்டேன், நிஜமாகவே எப்படி ஓடுகிறது என்று. “காருக்கும் ரோட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல,” என்றார். “வறண்ட ரோட்டுல பரவாயில்ல. நனைஞ்சுட்டா எனக்கே பயமா இருக்கு.” சொன்னபடியே மெதுவாகத்தான் ஓட்டினார். மாட்டு வண்டிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு அது ரோஷமாக இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

குற்றாலத்தில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் நின்று ஆசை தீரக் குளித்தேன். குளிர் நடுக்க வெளியே வந்தபோது இவர் மங்குஸ்தான் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார். ஒன்றை உடைத்து, வெள்ளைச் சுளையை என் கையில் வைத்தார். கல்யாணமாகி அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாள் அதுதான். திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பழத்தின் ருசியே எனக்குக் கசக்கிறது.

பொழுது சாய்வதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். சாரல் போட்டுக்கொண்டிருந்தது. பெரிய மழையில்லை, பூந்தூறல்தான். தார் ரோடு பளபளவென்று கிடந்தது. இருபுறமும் மருத மரங்கள். ஒரு வளைவில், எதிரே நின்ற பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து எண்ணெய் தேய்த்த தலையும் கையில் துண்டுமாக ஒரு கூட்டம் ரோட்டுக்கு வந்தது. குளிக்கப் போகிறவர்கள். முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். இவர் பிரேக்கை மிதித்தார்.

சக்கரம் நின்றது. கார் நிற்கவில்லை. அதை நான் எப்படிச் சொல்ல? கீழே எதுவுமே இல்லாததுபோல வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே போனது. அந்தப் பெண்ணின் முகம் கிட்டே வந்தது. இவர் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார். கார் பக்கவாட்டில் சுழன்று, அவர் உட்கார்ந்திருந்த பக்கம் மரத்தில் போய் மோதியது. மடியிலிருந்த மங்குஸ்தான் ரோடெல்லாம் உருண்டது.

எனக்கு நெற்றியில் ஒரு வெட்டு, கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவருடைய வலது கால் தகரத்துக்குள் மாட்டிக்கொண்டது. பிரேக்கை மிதித்த கால். பஸ்ஸில் வந்தவர்கள்தான் இறங்கி ஓடிவந்து, காரை இழுத்து நகர்த்தி, அவரை வெளியே எடுத்தார்கள். அந்தப் பெண் குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு, நனைந்த ரோட்டில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்ததெல்லாம் அந்த டயர்களைத்தான். நாலும் அப்படியே, ஒரு கீறல் இல்லாமல், புதுக்கருக்கு மாறாமல் நின்றன. கடித்துத் துப்ப வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அப்பா அலறியடித்துக்கொண்டு வந்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவருக்குக் கால் முழுக்க மாவுக்கட்டு, வலியில் உதடு வெளுத்துக் கிடந்தார். அப்பா கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

“டயரு வெடிச்சிருச்சா மாப்ள?”

“இல்ல மாமா. டயரெல்லாம் நல்லாருக்கு.”

“பழைய மொட்டை டயரா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? சாமி காப்பாத்துச்சு.”

நான் வாயைத் திறந்துவிட்டேன். போர்வைக்கு அடியிலிருந்து இவருடைய கை என் விரல்களை நெரிப்பதுபோல் பிடித்தது. “ஆமா மாமா,” என்றார். “உங்க டயருதான் காப்பாத்துச்சு.”

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் வெளியே வராந்தாவுக்குப் போய், சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். யார் மேல் கோபப்படுவது? நூல் வைத்து அளந்த மனுஷன் மேலா, அவர் மனசு நோகக் கூடாது என்று பொய் சொல்கிற மனுஷன் மேலா?

கால் பிழைத்தது, ஆனால் முட்டி மடங்கவில்லை. கட்டைபோல் நீட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதற்கப்புறம் அவர் எந்தக் காரையும் ஓட்டவில்லை. ஓட்டவும் முடியாது. காரைப் பற்றிப் பேச்சையே விட்டுவிட்டார். சிரிப்பும் அதோடு போய்விட்டது. மரக்கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். செங்கோட்டை ரோட்டில் ஏதாவது வண்டி வேகமாகப் போனால் காது மட்டும் அந்தப் பக்கம் போகும், தலை திரும்பாது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே மெட்ராஸ் டயர்கள் ரயிலில் வந்து சேர்ந்தன. கடை ஆட்கள் எடுத்து வந்து குடோனில் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. சாக்குச் சுற்றியது சுற்றியபடியே கிடந்தது.

ஆவணி கடைசியில் அப்பா வந்தார். நொறுங்கிய காரைப் பழைய இரும்புக்குப் போடுவதாக முடிவாகியிருந்தது. “டயரை மட்டும் நான் எடுத்துக்கிடுதேன் மாப்ள. ஆசாரிட்ட புது வண்டிக்குச் சொல்லிட்டேன். இம்புட்டு நல்ல டயரை எவனுக்கோ ஏன் குடுக்கணும்?” என்றார். இவர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கழற்றிய டயர்கள் குடோனில் இருந்தன. அப்பா தானே எடுத்துக்கொள்வதாக உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. நான் இலை போட்டுவிட்டுக் கூப்பிடப் போனேன். குடோன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. தலை வலிக்கிறது என்றார். சாப்பிடாமலே டயர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மகள் வீட்டில் கை நனைக்காமல் அப்பா போனது அதுதான் முதல் தடவை. வெயிலில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டயர்கள் அப்பாவின் மாட்டு வண்டியில் ஏறின. நெல்லும் எருவும் சுமந்தன. அவர் சொன்னது பொய்யில்லை, தேயவே இல்லை. ஆனால் ஒரு விஷயம். அப்பா அந்த வண்டியில் ஏறி நான் பார்த்ததில்லை. கூடவே நடப்பார். பாரம் இல்லாமல் வெறும் வண்டி திரும்பும்போதும் நடப்பார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா என்னிடம் புலம்புவாள்.

“வெறும் வண்டி பின்னால மொட்டை வெயில்ல நடக்காரு. ஏறிக்கிடுங்கன்னா காதுல வாங்குனாத்தான? உங்கப்பாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு.”

மாட்டின் மேல் இரக்கமாக இருக்கும் என்று சொல்லி நான் சிரித்துவிடுவேன்.

இப்படியே சில வருஷங்கள் போயின. அறுபதுகள் முடிகிற சமயம், மறுபடி ஒரு சாரல் காலம். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஆள் வந்தது. நான் உடனே பஸ் ஏறிப் போனேன். இவர் டாக்ஸி பிடித்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார். அங்கே போனால் வீட்டுக்கு முன்னால் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, தென்காசிக்குக் கொண்டுபோக எல்லாம் தயாராக இருக்கிறது. அப்பாதான் அசைய மாட்டேன் என்கிறார். தூக்க வந்தவர்களைக் கையை ஆட்டித் தள்ளுகிறார். நான் திட்டினேன். உயிர் போகிற நேரத்தில் என்ன வீம்பு என்று கத்தினேன். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அந்த வண்டில மட்டும் என்னை ஏத்தாத, தாயி.”

“ஏம்ப்பா?”

“மாப்ள குடோன்ல சாக்குச் சுத்தி அஞ்சு டயரு கெடந்துச்சே. பிரிச்சுப் பாத்தேன். கையை வச்சா மெத்துனு இருந்துச்சு. கடை ஆளுட்ட எப்ப வந்துச்சுன்னு கேட்டேன். கல்யாணம் ஆன கையோட மாப்ள எழுதிப் போட்டதுன்னான். நான் குடுத்தது அந்தக் காருக்கு ஆகாததுன்னு அப்பமே எனக்கு வெளங்கிட்டு.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எடுத்த டயரை வேண்டாம்னு வச்சுட்டுப் போனா, ஏன்னு கேப்பீய. என்ன சொல்லுவேன்? அதான் வண்டில மாட்டுனேன். ஏறத்தான் மனசு வரல.” மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். “ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா ஏட்டி? மாமா, இது சரிப்படாதுன்னு ஒரு வார்த்தை. நான் என்ன கோவிச்சிருப்பேனா?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்ஸி வந்தது. இவர் காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அப்பாவைப் பின் சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். மடங்காத காலை இவர் அப்பாவின் பக்கமாகக் குறுக்கே நீட்டி வைத்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் கை அந்த முட்டியின் மேல் இருந்தது. இவர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்திருந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென்காசி வரும் வரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதாவது பேசுவார்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரத்திலேயே அப்பா போய்விட்டார்.

பதினாறு கழிந்த பிறகுதான் அப்பா சொன்னதை இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து குடோனுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சாக்கை விலக்கினார். ஓடாமலே கிடந்து கிடந்து அந்த மெட்ராஸ் டயர்கள் மேலெல்லாம் வெடித்திருந்தன. பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். பதியவில்லை. “இறுகிப் போச்சு,” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிற்பாடு எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி, முதல் ஆடிக்கு மாப்பிள்ளைக்குத் துணி எடுத்துக்கொண்டு போனேன். தட்டை நீட்டும்போதே, “பிடிக்கலேன்னா இப்பமே சொல்லிருங்க தம்பி, மாத்திக்கிடலாம்” என்றேன். சம்பந்தியம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பார்த்துவிட்டுப் போகட்டும். அந்தப் பையன் கொஞ்சம் தயங்கி, “கலர் மட்டும் கொஞ்சம் அடிக்குது அத்த” என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு வார்த்தையை அன்றைக்கு எங்கள் வீட்டு நடையில் யாராவது சொல்லியிருந்தால் என் அப்பா கோபித்திருக்கவே மாட்டார். அந்த டயர்களைச் சிரித்துக்கொண்டே கொண்டுபோய்த் தன் வண்டிக்கு மாட்டியிருப்பார், அடுத்த ஆடிக்கு அதே வண்டியில் ஜம்மென்று ஏறி உட்கார்ந்து எங்கள் வாசலில் வந்து இறங்கியிருப்பார்.